பக்கத்தில் உட்கார ஒரு நல்ல நேரம்

வாசகர் கேள்வி – பதில்
பதில் சொல்பவர்: சிங்கப்பூர் மருத்துவமனைகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்

இந்த முறை நான்கு கடிதங்களை எடுத்திருக்கிறேன். சொந்த வீட்டை விட்டு வந்து அம்மா அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவர்களும், வீட்டுக்குப் போக முடியாமல் இங்கே தவிக்கிறவர்களும் எழுதியவை. முதல் பதில் நீளமாக இருக்கும். அந்தக் கடிதத்தில் இருக்கிற கேள்வி மற்ற மூன்றுக்குள்ளும் இருக்கிறது.

* * *

*அன்புள்ள அக்கா, எனக்குத் திருச்சி. அப்பா சிங்கப்பூர்க் குடிமகன். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது ஈசூனில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் சரியாக வரவில்லை. கணவரையும் பிள்ளையையும் ஊரில் விட்டுவிட்டு, அப்பாவோடு கொஞ்ச நாள் இருக்கலாம் என்று விசிட் பாஸில் வந்தேன். ஆனால் நாள் முழுக்க சமையல், மருந்து, துணி என்றே போகிறது. ஓய்ந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் தூங்குகிறார். சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று ஒரே பிடிவாதம். அண்ணி தண்ணீரில்கூட ஏதோ மாவைக் கலந்து கூழ் மாதிரி ஆக்கித்தான் கொடுக்கிறார். ஒரு வாய் வெறும் தண்ணீருக்காக அப்பா கெஞ்சுவதைப் பார்க்க முடியவில்லை. அவர்கள் இல்லாதபோது நான் கொடுத்தால் தப்பா? நான் திரும்பிப் போவதற்குள் அப்பாவோடு இருந்தேன் என்ற திருப்தி எனக்குக் கிடைக்குமா?*
— வாசகி, ஈசூன்

அம்மா, தண்ணீர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கொடுக்காதீர்கள். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் பாதிக்கப்படும். வெறும் தண்ணீர் வேகமாக ஓடும். தொண்டை மூடித் திறப்பதற்குள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். உங்கள் அப்பா இருமாமல்கூட இருக்கலாம். இருமல் வரவில்லை என்பதால் சரியாக உள்ளே போனது என்று அர்த்தம் இல்லை. இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல், நிமோனியா, மறுபடி வார்டு. இப்படி எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். பாசத்தில் கொடுத்த அந்த ஒரு வாய் யார் கொடுத்தது என்று கடைசிவரை யாரும் சொல்ல மாட்டார்கள். உங்கள் அண்ணி அந்த மாவைக் கலப்பது மருத்துவமனையில் பேச்சுச் சிகிச்சையாளர் சொல்லிக்கொடுத்தபடிதான். எத்தனை கரண்டி மாவு, எவ்வளவு கெட்டி என்பதற்கெல்லாம் அளவு உண்டு.

அதற்காக அப்பாவின் தாகத்தை விட்டுவிட வேண்டியதில்லை. கெட்டியாக்கியது வெறும் தண்ணீராகவேதான் இருக்க வேண்டுமா என்று கேளுங்கள். வடிகட்டிய ரசத்தைக் கெட்டியாக்கலாம், காப்பியையும் ஆக்கலாம். காலையில் காப்பி வாசனை மூக்கில் ஏறினால் முகமே மாறும். நாக்கும் உதடும் காய்ந்துபோவதுதான் பல சமயம் தாகமாகத் தெரியும். மென்மையான பிரஷால் வாயை அடிக்கடி சுத்தம் செய்து, உதட்டுக்கு வேசலின் தடவுங்கள். வாய் சுத்தமாக இருந்தால் நிமோனியா அபாயமும் குறையும். அப்புறம், விழுங்கும் திறன் வாரங்கள் போகப்போகப் பலருக்குத் தேறி வரும். கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று அண்ணனிடம் கேளுங்கள். நாளாகியிருந்தால் மறுபரிசோதனைக்கு நேரம் வாங்கச் சொல்லுங்கள். வெறும் தண்ணீர் கொடுக்கலாமா என்பதை அங்கே கேட்க வேண்டும், அவர்கள் முன்னால் கேட்க வேண்டும். ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, சின்னக் கரண்டியால், ஒரு வாய் உள்ளே போன பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்ட பிறகு அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது ஊட்டவே கூடாது.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

நோயாளி எவருக்கும் ஒரு நாளில் ஒன்று அல்லது இரண்டு நல்ல மணி நேரம்தான் இருக்கும். கண் தெளிவாக இருக்கும், சொன்னது புரியும், முகத்தில் ஆள் தெரியும். மிச்ச நேரம் உடம்பு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் அந்த நல்ல நேரத்தில் மருந்துக் கடை வரிசையில் நிற்கிறார்கள், இல்லையென்றால் அடுப்படியில் இருக்கிறார்கள். வேலையெல்லாம் முடித்துக்கொண்டு வந்து உட்காரும்போது அப்பா தூங்கிவிடுகிறார். உங்களுக்கு நடப்பதும் இதுதான்.

சி வகுப்பு வார்டில் ஒரு பாட்டி இருந்தார். மூன்று மகன்களும் பகல் பன்னிரண்டு மணிக்கு, வேலை இடைவேளையில் ஓடி வருவார்கள். பாட்டி ஒரு நாளும் கண் திறந்ததில்லை. "எங்களைத் தெரியவே இல்லை" என்று அழுவார்கள். ஆனால் விடியற்காலையில் நாங்கள் உடம்பு துடைத்துவிட்டு, துணி மாற்றி, தலை வாரிவிடும்போது அந்தப் பாட்டி எங்களோடு வாயாடுவார். பெரிய மகன் குடிகாரனாம், சின்னவன் நல்லவனாம், எல்லாக் கதையும் வரும். சின்ன மகனிடம் சொன்னேன். வார்டு சிஸ்டரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் காலையிலேயே வர ஆரம்பித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் "தெரியவே இல்லை" என்று சொல்லவில்லை.

உங்கள் அப்பாவின் நேரம் எது? நான் இங்கிருந்து சொல்ல முடியாது, நீங்கள் கவனித்தால் தெரியும். ஒரு நோட்டில் மூன்று நான்கு நாள் எழுதுங்கள்: எப்போது விழித்தார், எப்போது பேச முயன்றார், எப்போது எரிச்சல் பட்டார். பணிப்பெண்ணைக் கேளுங்கள். கடிதத்தில் நீங்கள் சொல்லாவிட்டாலும், அண்ணன் அண்ணி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஒருவர் இருப்பார். அவருக்குத்தான் அப்பாவின் உடம்பு அத்துப்படி. பல பேருக்குக் குளித்து, கொஞ்சம் ஓய்வெடுத்த பிறகு, காலை பத்து மணி வாக்கில் தெளிவு வரும். அந்த நேரம் தெரிந்த பிறகு அதில் சமையல் வைக்காதீர்கள், ஊருக்குப் போன் செய்யாதீர்கள். சாம்பார் மத்தியானம் ஒரு மணிக்கு ஆகாமல் இரண்டு மணிக்கு ஆகட்டும்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? வலது பக்கம் விழுந்து, பேச்சும் போயிருக்கிறது என்றால் மூளையில் மொழி இருக்கும் பகுதி அடிபட்டிருக்கும். அப்பாவுக்கு அறிவு போகவில்லை, சொல்தான் வாய்க்கு வரவில்லை. அதனால் "என்னப்பா வேணும்?" என்று கேட்காதீர்கள். "காப்பி வேணுமா?" என்று கேளுங்கள், தலையாட்டினால் போதும். பதிலுக்குக் காத்திருங்கள். நாம் பொறுமை இல்லாமல் அவர் வாயில் சொல்லைத் திணித்தால் அவர் முயற்சியை விட்டுவிடுவார். பேசும்போது டிவியை, ரேடியோவை அணைத்துவிடுங்கள். இரைச்சலில் அவரால் சொல்லைப் பிரித்து எடுக்க முடியாது. ஒலி 96.8 மத்தியானத்துக்கு இருக்கட்டும்.

இன்னொன்று, இதை நிறைய குடும்பங்களுக்குச் சொல்லி அவர்கள் ஆச்சரியப்பட்டிருக்கிறார்கள். பேச வராதவர்களுக்குப் பாட்டு வரும். சின்ன வயதிலிருந்து மனப்பாடமான தேவாரம், திருப்புகழ், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, இவையெல்லாம் சாதாரணப் பேச்சு வராத வாயிலிருந்தும் வந்துவிடும். நீங்கள் முதல் வரியைப் பாடி நிறுத்திப் பாருங்கள். உங்கள் அப்பா செம்பவாங்கில் வேலை பார்த்தவர் என்றால் கேன்பரா சாலையில் இருந்த பழைய புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயில் அவருக்குத் தெரிந்திருக்கும். கடற்படைத் தளத்துத் தொழிலாளர்கள் உண்டாக்கிய கோயில் அது. 1996ல் ஈசூனுக்கு மாற்றினார்கள். இன்றைக்கும் அங்கே பங்குனி உத்திரம் பெரிய விழா. சக்கர நாற்காலியில் உட்கார மருத்துவர் சரி சொன்னால் ஒரு காலை, கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். பேருந்தில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் உண்டு. ஆனால் போக வர அவர் தாங்குவாரா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

சாயங்காலம் "வீட்டுக்குப் போகணும்" என்கிறாரே, இதுதான் வீடு என்று வாதாடாதீர்கள். எந்த வீடு, யார் இருக்கிறார்கள், வாசலில் என்ன மரம் என்று கேளுங்கள். பேச முடியாவிட்டால் பழைய போட்டோவைக் காட்டுங்கள். இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். அப்பா கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியைப் போட்டுவிடுங்கள், காதுக்கருவி இருந்தால் அதையும். ஆனால் இந்தக் குழப்பம் ஒரு நாள், இரண்டு நாளில் திடீரென்று வந்தது என்றாலோ, கூடவே காய்ச்சலோ சிறுநீர் கழிப்பதில் மாற்றமோ இருந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று முதலில் இப்படித்தான் தலைகாட்டும். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று விடாதீர்கள்.

கை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். தோள் மூட்டு நழுவிவிடும். அந்தக் கையை ஒரு தலையணை மேல் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களுக்கு மெதுவாக எண்ணெய் தடவி நீவிவிடுங்கள். மகள் செய்தால் அப்பாவுக்கு அது வேறு மாதிரி இருக்கும்.

இனி அண்ணி. நீங்கள் நேராகச் சொல்லாவிட்டாலும் கடிதத்தில் வருத்தம் தெரிகிறது. நான் பக்கம் எடுப்பதென்றால் அண்ணி பக்கம்தான் எடுப்பேன். நீங்கள் போய்விடுவீர்கள், அவர் இருப்பார். வருடம் முழுக்க ராத்திரி எழுந்து திருப்பிப் படுக்க வைக்கிறவரிடம், விருந்தாளியாக வந்து குறை சொல்லக் கூடாது. எந்த நேரம் உங்களுக்கு ஓய்வு வேண்டும் என்று அவரிடம் கேட்டு, அந்த நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் தேக்காவுக்கோ சினிமாவுக்கோ போய் வரட்டும். பணிப்பெண்ணின் ஓய்வு நாளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். 2023 ஜனவரி 1 முதல் மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணமாகக் கொடுத்து ஈடுகட்டக் கூடாது, அந்த ஓய்வைக் கொடுத்தே ஆக வேண்டும். அன்றைக்குத்தான் பல வீடுகளில் பிரச்சினை வரும். நீங்கள் இருக்கும்வரை அது உங்கள் நாளாக இருக்கட்டும். அதற்கு முன் எப்படிப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறார் என்று பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

காகித வேலைகளில் அண்ணனுக்கு உதவலாம். குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, கழிவறை, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறில் மூன்றுக்காவது எப்போதும் இன்னொருவர் உதவி வேண்டும் என்று மருத்துவர் மதிப்பிட்டால், வீட்டுப் பராமரிப்புக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. 2019ல் வந்தது, குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பை 1800 650 6060 என்ற எண்ணில் அழைத்தால் விவரம் சொல்வார்கள். எல்பிஏ என்று சொல்லும் அதிகாரப் பத்திரம், அதாவது தன்னால் முடிவெடுக்க முடியாமல் போனால் தனக்காக யார் முடிவெடுக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது, அதை அப்பா எழுதியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். எழுதவில்லை என்றால், பேச வராததை வைத்து இனி முடியாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அவருக்குப் புரிந்து முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்பதை அதற்குச் சான்றளிக்கும் மருத்துவரோ வழக்கறிஞரோ பார்த்துச் சொல்ல வேண்டும். விசிட் பாஸை நீட்டிக்க நினைத்தால் தேதி முடிவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். கிடைத்தே தீரும் என்று எண்ணி டிக்கெட்டை ரத்து செய்யாதீர்கள்.

கிளம்பும் நாளைப் பற்றி ஒன்று. அப்பா தூங்கும்போது நழுவிப் போய்விடாதீர்கள். அழுவார் என்று பயந்து நிறைய பேர் அப்படிப் போகிறார்கள். எழுந்து உங்களைத் தேடுகிற வேதனையை அதன் பிறகு பணிப்பெண்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள், தினமும் சொல்லுங்கள். திருச்சிக்குப் போன பிறகும் அதே நல்ல நேரத்தில் வீடியோவில் வாருங்கள். இங்கே காலை பத்து மணி என்றால் உங்களுக்கு ஏழரை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம், எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நேரம்தான் வேண்டும்.

* * *

*அக்கா, நான் துவாஸில் வேலை செய்கிறேன். ஊர் புதுக்கோட்டைப் பக்கம். அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தினமும் ராத்திரி டார்மிட்டரிக்கு வந்ததும் போன் செய்கிறேன். இரண்டு வார்த்தை பேசிவிட்டு "வெச்சிடுப்பா" என்கிறார். என் மேல் கோபமோ என்று நினைக்கிறேன். உடம்புக்குக் குளிர்ச்சி என்று தினம் இளநீர் வாங்கிக் கொடுக்கச் சொல்லித் தங்கச்சிக்குப் பணம் அனுப்புகிறேன். வருடத்துக்கு ஒரு முறைதான் லீவு. பொங்கலுக்குப் போகலாமா, இப்போதே போகலாமா?*
— வாசகர், துவாஸ்

தம்பி, இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன் தங்கச்சிக்குப் போன் செய்து இளநீரை நிறுத்தச் சொல்லுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். வேலை செய்யாத சிறுநீரகத்தால் அதை வெளியே தள்ள முடியாது. ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். வாழைப்பழம், தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. காய்களை நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது ஒரு வழி. அம்மாவுக்கு எது எவ்வளவு என்பதை டயாலிசிஸ் கொடுக்கும் இடத்திலேயே கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். நாள் ஒன்றுக்குக் குடிக்கும் அளவில் டீ, மோர், ரசம், கஞ்சி எல்லாம் சேரும். மருத்துவமனைச் செலவு பாரமாக இருந்தால், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். அட்டை இருக்கிறதா என்று தங்கச்சி விசாரிக்கட்டும்.

அம்மாவுக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. ரத்தம் நான்கு மணி நேரம் மெஷினுக்குள் போய் வந்த அன்றைக்கு உடம்பு துவண்டு கிடக்கும். தலை சுற்றும், சில பேருக்குக் கால் இழுத்துப் பிடிக்கும். அன்றைக்கு ராத்திரி யார் பேசினாலும் "வெச்சிடுப்பா" தான். நீங்கள் இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டால் அங்கே ஏழு மணி. வாரத்தில் மெஷின் இல்லாத நாட்கள் எவை என்று பார்த்து, அந்த நாட்களில் பேசுங்கள். காலையில் லாரி ஏறுவதற்கு முன் கூப்பிடலாமே என்று தோன்றும். இங்கே ஆறு மணி என்றால் அங்கே மூன்றரை, அம்மா தூங்கட்டும். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளை சரியாக வரும். இங்கே பன்னிரண்டரை, அங்கே பத்து மணி. பத்து நிமிடம் போதும். உடம்பு எப்படி, மருந்து போட்டியா என்பதையெல்லாம் தங்கச்சியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவிடம் நீங்கள் சாப்பிட்டதைச் சொல்லுங்கள். கூட வேலை பார்க்கிற பையனைப் பற்றி, பார்த்த மழையைப் பற்றிச் சொல்லுங்கள். நோயைப் பற்றியே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறவருக்கு வேறு பேச்சு வேண்டும்.

லீவு விஷயத்தில் நான் தயங்காமல் சொல்வேன், இப்போதே போங்கள். பொங்கலுக்கு வீடு நிறைய ஆள் இருக்கும், அம்மா வந்தவர்களைக் கவனிப்பார். கடைசி நேரத்துக்கு என்று லீவைச் சேர்த்து வைத்து, பிறகு காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். சட்டப்படி முதல் வருடத்தில் 7 நாள் சம்பளத்தோடு லீவு. வருடத்துக்கு ஒரு நாள் கூடி, எட்டாவது வருடத்திலிருந்து 14 நாள். உங்களுக்கு எத்தனை சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். போதாது என்றால் சம்பளமில்லா லீவு சேர்த்துக் கேளுங்கள். சூப்பர்வைசரிடம் வாயால் சொல்லிவிட்டு விடாமல் எழுத்தில் கேளுங்கள், அம்மாவின் மருத்துவச் சீட்டை இணைத்துக் கொடுங்கள்.

போனதும் அம்மாவை டயாலிசிஸுக்கு நீங்களே கூட்டிப்போங்கள். இது முக்கியம். அந்த நான்கு மணி நேரத்தில் உறவுக்காரர் யாரும் வர மாட்டார்கள், அம்மா எழுந்து அடுப்படிக்கும் போக முடியாது. முதல் இரண்டு மணி நேரம் பலருக்குத் தெம்பாகவே இருக்கும். உள்ளே விட்டால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். விடவில்லை என்றால் போகிற வழியில், பஸ்ஸில், ஆட்டோவில் பேசுங்கள். ஊசி குத்தும் அந்தக் கையில் இறுக்கமான வளையல் வேண்டாம், பையை மாட்ட வேண்டாம், ரத்த அழுத்தம் பார்க்க யாரையும் விட வேண்டாம். அந்தக் கை அவருக்கு உயிர் மாதிரி.

* * *

*வாரநாளில் தோ பாயோவில் அம்மா வீட்டில் தூங்குகிறேன். அவருக்கு இதயம் பலவீனம். என் வீடு செங்காங்கில், கணவரும் உயர்நிலைப்பள்ளியில் படிக்கும் மகனும் அங்கே. அலுவலகத்தில் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டேன், முதலாளி பேச்சை மாற்றுகிறார். அம்மா ராத்திரி தூங்காமல் பேசிக்கொண்டே இருக்கிறார். நான் காலையில் செத்துப் பிழைத்து வேலைக்குப் போகிறேன்.*
— வாசகி, செங்காங்

வாயால் கேட்டால் பேச்சை மாற்றத்தான் செய்வார்கள். எழுத்தில் கேளுங்கள்: எந்த நாட்கள், எத்தனை மாதம், என்ன காரணம், எந்தத் தேதியிலிருந்து. அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூன்றும் சேர்ந்து போட்டு, 2024 டிசம்பர் 1 முதல் இருக்கும் முத்தரப்பு வழிகாட்டியின்படி, முறையாகக் கேட்டால் இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்றாலே பாதிப் பேர் யோசிப்பார்கள்.

அம்மா ராத்திரி ஏன் தூங்கவில்லை என்பதை முதலில் பாருங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா? முன்பு ஒரு தலையணை, இப்போது மூன்று என்று ஆகியிருக்கிறதா? கால் வீங்குகிறதா? இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால் நீர் சேர்கிறது என்று அர்த்தம், அன்றைக்கே மருத்துவரை அழைக்க வேண்டும். தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். இது எதுவும் இல்லை, அம்மாவின் நல்ல நேரமே ராத்திரிதான் என்றால், பத்து மணி வரை அவர் பக்கத்தில் உட்காருங்கள், அதற்குப் பிறகு நீங்கள் தூங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் கணவரும் மகனும் தோ பாயோவுக்குச் சாப்பிட வரட்டும். காப்பிக்கடையில் வாங்கிய பொட்டலமானாலும் பரவாயில்லை. பாட்டியோடு பேரன் உட்காரும் ஒரு மணி நேரத்தில் நீங்கள் குளித்து, படுத்து எழுந்துவிடலாம்.

* * *

*அம்மா இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். தமிழ் தவிர வேறு மொழி தெரியாது. தாதிகளில் யாருக்கும் தமிழ் தெரியவில்லை. எல்லா ராத்திரியும் நான் அங்கேயே நாற்காலியில் தூங்க வேண்டுமா?*
— வாசகர், ஜூரோங் வெஸ்ட்

எல்லா ராத்திரியும் வேண்டாம். அறுவை சிகிச்சை முடிந்த முதல் இரண்டு ராத்திரிகளும், அம்மா குழம்பிப் பேசுகிற ராத்திரிகளும் இருக்க முயலுங்கள். வயதானவர்களுக்கு மயக்கமருந்து, வலி, புது இடம் எல்லாம் சேர்ந்து குழப்பம் வருவது சகஜம். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள், ஆனால் தாதியிடம் உடனே சொல்லுங்கள். தெரிந்த குரல் பக்கத்தில் இருந்தால் அந்தக் குழப்பம் சீக்கிரம் அடங்கும். ராத்திரி தங்க அனுமதி உண்டா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும், வார்டு மேலாளரிடம் கேளுங்கள். மற்ற ராத்திரிகளில் வீட்டுக்குப் போய் நீட்டிப் படுங்கள். நாற்காலியில் தூங்கிய மகன் காலையில் மருத்துவர் வந்து விளக்கும்போது பாதிதான் கேட்பார். அதை நான் வார்டில் அடிக்கடி பார்த்தேன்.

நீங்கள் இல்லாத நேரத்துக்கு ஒரு அட்டை எழுதிக் கட்டிலருகே ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். வலி, தண்ணீர், மூத்திரம், குளிருது, மூச்சு முட்டுது, மகனைக் கூப்பிடு. ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்தில், அதன் பக்கத்தில் ஆங்கிலத்தில் பொருள், அதன் பக்கத்தில் ஒரு சின்னப் படம். வார்டில் பிலிப்பீன்ஸ், மியன்மார், சீனா என்று பல நாட்டுத் தாதிகள் இருப்பார்கள். இரண்டே நாளில் "வலி இருக்கா, அம்மா?" என்று கேட்கக் கற்றுக்கொள்வார்கள். அவர்களுக்கும் அது வேண்டியிருக்கிறது. வயதானவர்கள் வலி என்று சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள், அப்புறம் பிசியோதெரபிக்கு எழுந்திருக்க மாட்டார்கள், நடை தள்ளிப்போகும். அட்டையின் அடியில் உங்கள் கைத்தொலைபேசி எண்ணையும், அம்மா சைவமா என்பதையும், எந்தக் காதில் நன்றாகக் கேட்கும் என்பதையும் எழுதிவிடுங்கள். ராத்திரி ஷிஃப்ட் மாறி வரும் தாதியிடம் அட்டையை ஒரு முறை காட்டிவிட்டுக் கிளம்புங்கள்.